எளாவூர்க் குழாயில் ஜப்பான் பாட்டு

ஜப்பான்காரருக்குத் தமிழ் தெரியாது. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ஜப்பான் மொழி தெரியாது. இரண்டும் அரைகுறையாகத் தெரிந்தவன் நான் என்பதால், சிங்கப்பூரில் நிம்மதியாக உட்கார்ந்து இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்த என்னைக் கிளப்பி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். சோடா புட்டிக்குத் தகர மூடி அடிக்கிற இயந்திரம் ஒன்றை எங்கள் கம்பெனி அங்கே விற்றிருந்தது. அதை நிறுத்தி ஓட்டிக் காட்ட ஒசாகாவிலிருந்து ஓர் எஞ்சினியர் வருகிறார், கூடவே இருந்து பேச்சை மாற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார் மானேஜர்.

நான் ஜப்பான் மொழியை ஆசைப்பட்டுக் கற்கவில்லை. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த வருஷங்களில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வேறு எதையும் அங்கே சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் என்னுடையது கைகட்டி நிற்கிற ஜப்பான் மொழி. உத்தரவு, மன்னிக்கவும், இதோ கொண்டுவருகிறேன் எல்லாம் சரளமாக வரும். ஒரு மனிதன் மனசு உடைந்து உட்கார்ந்திருந்தால் அவனிடம் என்ன பேசுவது என்று எங்கள் வாத்தியார் சொல்லித் தரவில்லை.

எழுபதுகளின் பின்பாதி, ஆடி மாதம். மீனம்பாக்கத்தில் எஞ்சினியரைப் பார்த்தேன். தனாபே என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். எஞ்சினியருக்கு இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக முடி. பெட்டிகளையெல்லாம் போர்ட்டரிடம் விட்டவர், ஒரு கேசட் பிளேயரை மட்டும் யாரையும் தொட விடவில்லை. திருவள்ளூர் வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முதுகு போனாலும் பரவாயில்லை, அது ஆடக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் அப்போது தங்குகிற மாதிரி லாட்ஜ் கிடையாது. அதனால் இயந்திரத்தை வாங்கிய முதலாளி தன் வீட்டு மாடியறையைக் கொடுத்தார். வீடு திருவள்ளூரில், பெருமாள் கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள். இவர் ஒருவர்தான் வழி தப்பி சோடா மூடிக்கு வந்தவர். வெங்காயம்கூட உள்ளே வராத வீடு. பரிமாறும்போதெல்லாம் தனாபே இலைக்கு முன்னால் தலையைக் குனிந்து வணங்கினார். “எவ்வளவு பக்தி பாருங்கோ!” என்று வீட்டுப் பெண்கள் உருகிப் போனார்கள். அது அவர் ஊரில் நன்றி சொல்லும் பழக்கம் என்று நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் இரண்டாம் தடவை நெய் விழுந்திருக்காது.

மூன்றாம் நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி ரகசியமாகக் கேட்டார்: “இந்த நாட்டில் மீன் கிடையாதா?”

எங்கள் டிரைவர் முனிரத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னேன். ஊத்துக்கோட்டைக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், எல்லாரும் அவருக்கு நைனாதான். “இத்த மொதல்லியே சொல்லக் கூடாதா நைனா? மீனு இல்லாம துன்னுட்டு மனுசன் எப்டி மிசின் ஓட்டுவான்?” என்று கடிந்துகொண்டு, கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். தனாபே விரலால் முள் எடுத்த நேர்த்தியைப் பார்க்கக் கடைக்காரரே கரண்டியோடு வந்து நின்றார். சிங்கப்பூரில் நான் சாப்பிடுகிற மீன் தலைக் கறிக்கு மிஞ்சி உலகத்தில் ஒன்றுமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கர்வம் அன்றோடு ஒழிந்தது.

தொழிற்பேட்டை என்று பலகை மட்டும் வைத்திருந்தார்கள். பேட்டை வருவதற்காக முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகரக் கொட்டகைகள், நடுவில் ஆடுகள். சிங்கப்பூரில் கடலைத் தூர்த்துத் தொழிற்சாலை கட்டுவதைப் பார்த்தவன் நான். இங்கே ஆட்டை விரட்டிவிட்டுக் கட்டினார்கள், ஆடு மறுநாள் திரும்பி வந்தது.

எங்கள் ஷெட்டுக்குக் கரண்ட் இழுத்த வயர்மேன் பெயர் ஏழுமலை. எளாவூர்க்காரர், சொந்தமாக மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, அம்மனுக்குக் கூழ் எதுவானாலும் அந்த வட்டாரத்தில் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். பர்மா பஜாரில் வாங்கிய டேப் ரிக்கார்டர் ஒன்று சமீபத்தில் சேர்ந்திருந்தது. அதன் பெருமையைப் பேசாமல் அவரால் ஒரு ஸ்க்ரூவைக்கூட முடுக்க முடியவில்லை. தனாபேயை ‘தனபால் சார்’ ஆக்கியதும் அவர்தான். இரண்டே நாளில் ஷெட்டு முழுக்கத் தனபால் சார் ஆகிவிட்டது.

மதியம் சாப்பாட்டு வேளையில் தனாபே கேசட்டைப் போடுவார். முதலில் இருமல் கேட்கும். யாரோ சிரிப்பார்கள், நாற்காலி இழுபடும், ஜப்பான் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை வரும். பிறகு ஒருவன் தாளம் எண்ணிக் கொடுக்க, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பாட்டு. அதற்கப்புறம் வருவதெல்லாம் இசைத்தட்டிலிருந்து எடுத்தவை, பளிச்சென்று இருக்கும். ஜப்பானில் அப்போது ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த ராக் குழு அது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘முதல் ரயில்’. கிட்டாரும் டிரம்மும் போட்டு அதிர அதிர, எழுந்திரு, ஓடு, அழுதது போதும் என்று பாடுவார்கள். பரீட்சையில் தோற்றவன், வேலை போனவன், காதலி விட்டுப் போனவன் எல்லாரும் இதைக் கேட்டுத்தான் மறுநாள் பல் தேய்க்கிறார்கள் என்றார் தனாபே. எழுந்திரு, ஓடு என்று யாராவது பாடினால் எனக்குப் படுத்துக்கொள்ளத்தான் தோன்றும். என் உடம்பு வாகு அப்படி.

அந்தக் குழுவின் பாட்டுகளில் எல்லாரும் அறிந்தது ‘இன்னும் பாதி நாள்’. கேசட்டில் அது இரண்டு தடவை வரும். முதலில் அந்தக் கிணற்றுச் சத்தத்தோடு, அப்புறம் இசைத்தட்டில் உள்ளபடி சுத்தமாக. ஏழுமலை அர்த்தம் கேட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள், காலையில் தோற்றுப்போனால் என்ன, இன்னும் பாதி நாள் இருக்கிறது என்று சொன்னேன்.

“அர நாளு கூலியாச்சும் வரும்ன்றான். சர்தான், நல்ல பாட்டு!” என்றார் ஏழுமலை.

அன்றிலிருந்து இயந்திரம் மூடிகளைக் கோணலாக அடித்துத் துப்பும்போதெல்லாம், “பேஜாராவாத தனபால் சார், பாதி நாளு கீது!” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நான் மொழிபெயர்ப்பேன். தனாபே சிரித்துவிட்டு ஸ்பானரை எடுப்பார். படுத்துக்கொள்ளத் தோன்றியவன் நான் ஒருவன்தான்.

ஒரு சாயங்காலம் வண்டி ரேடியேட்டர் கொதித்து, ஊத்துக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஏரிக்கரையில் நின்றுவிட்டது. முனிரத்தினம் டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினார். எருமை ஓட்டிப் போன ஒருவர் தனாபேயைப் பார்த்து, நேபாளமா என்று என்னிடம் விசாரித்தார். தனாபே கேசட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வலதுகை விரல்கள் தொடைமேல் அசைந்தன.

“கீழே கேட்கிறதா?” என்றார். “பாட்டுக்கு அடியில், தும் தும் என்று?”

கேட்டதாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நிஜமாகவே கேட்டது.

“அது நான்தான்.”

பிறகு அவராகவே சொன்னார். ‘முதல் ரயில்’ அவரும் நான்கு சிநேகிதர்களும் கல்லூரியில் ஆரம்பித்த குழு. நாலு தந்தி இருக்குமே, கீழ்ச்சுருதிக் கிட்டார், அது இவருடையது. வாடகை அறை ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், மேடை கிடைக்கவில்லை. ஒரு வருஷம் மட்டும் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று இவர் கம்பெனியில் சேர்ந்தார். அந்த ஒரு வருஷத்தில் இசைத்தட்டு வந்துவிட்டது. இவர் இடத்தில் வேறொருவன் நின்றான்.

“அவன் எப்படி வாசிப்பான்?” என்று கேட்டேன்.

“நேர் ரோட்டில் நடக்கிறவன் மாதிரி. தப்பு வராது, அவ்வளவுதான். பாட்டின் நடுவில் நான் படி ஏறி இறங்குவேன், அவன் ஏறமாட்டான்.” கேசட்டை நிறுத்தினார். “ஒத்திகையில் எடுத்த பெரிய டேப் அறை மாற்றும்போது தொலைந்துவிட்டது. அதிலிருந்து எடுத்தது இது ஒன்றுதான். அந்தக் குழுவில் நான் இருந்தேன் என்பதற்கு இந்த ஒரு பாட்டைத் தவிர வேறு ஒன்றுமில்லை. ஊரே எழுந்து ஓடுகிறது, நான் அதற்குள் இல்லை.”

இப்படி ஒரு பேச்சுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும். என் பள்ளிக்கூட ஜப்பான் மொழியில் தேடினேன். “அப்படியா” என்பதுதான் கிடைத்தது. அதைச் சொன்னேன். முனிரத்தினம் தண்ணீரோடு வந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் எளாவூர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஏழுமலை சொன்னார். “அந்த ஜப்பான் டேப்ப ஒரு நாளு குடுக்கச் சொல்லு சார். நம்ம கொழாயில போட்டா செக்போஸ்ட்டு வரிக்கும் அதிரும். பத்தரமா கொணாந்து குடுத்துடறேன், அம்மன் மேல ஆணை.”

கேசட் பிளேயரையே தொட விடாத மனிதர், கட்டாயம் மறுப்பார் என்று நினைத்து மொழிபெயர்த்தேன். தனாபேயின் முகம் மலர்ந்துவிட்டது.

“கூட்டம் வருமா?”

“வரும்.”

“முதல் பாட்டிலிருந்து போடுவாரா?”

கேட்டுச் சொன்னேன். “மொதல்லேர்ந்துதான் சார்! நடுவுல எவனாச்சும் போடுவானா?” என்றார் ஏழுமலை.

“நான் வாசித்தது அந்த அறையைத் தாண்டி வெளியே போனதே இல்லை,” என்று தனாபே என்னிடம் மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை மதியம் கேசட்டை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, ஏழுமலையிடம் கொடுத்தார். ஏழுமலையும் பதிலுக்குக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை தனாபே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கி வந்தார். கோயிலுக்குப் போகிறோம் என்றதும் முதலாளி வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எந்தக் கோயில், அங்கே என்ன சாப்பிடப்போகிறோம் என்பதை நான் விரிக்கவில்லை.

எளாவூரில் கல்கத்தா ரோடு நெடுக லாரிகள் ஆந்திர எல்லைச் செக்போஸ்ட்டுக்குக் காத்துக்கிடந்தன. கோயில் வாசலில் வேப்பிலை கட்டிய பெரிய பெரிய பானைகளில் கூழ். பெண்கள் சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும். தனாபே கருவாட்டைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்ற குற்றச்சாட்டு இருந்தது. மூன்று சொம்பு குடித்தார். அவர் முழுசாகச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்தக் கால் மணி நேரம்தான். இப்போது நினைத்தாலும் அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

குழாய் கரகரத்தது. பிள்ளையார் பாட்டு வந்தது. இங்கே எதையும் இந்தச் சாமியை வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள், அடுத்தது உங்களுடையது என்று விளக்கினேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார்.

பிள்ளையார் பாட்டு முடிந்தது. இருமல் வரவில்லை. சிரிப்பு வரவில்லை. சட்டென்று பளிச்சென்று ‘முதல் ரயில்’, இசைத்தட்டில் உள்ளபடி, எளாவூரையே தூக்கிக்கொண்டு போனது. பையன்கள் ஆடினார்கள். லாரியிலிருந்து இறங்கி வந்த டிரைவர் ஒருவர், இது என்ன பாஷை, யாரோ சந்தோஷமாகத் திட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று தெலுங்கில் பக்கத்து ஆளிடம் கேட்டதாக முனிரத்தினம் சொன்னார்.

“முதல் பாட்டு எங்கே?” என்றார் தனாபே.

கோயிலுக்குப் பக்கவாட்டில் கீற்றுத் தடுப்புக்குள் ஏழுமலை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“பாத்தியா சார், எப்டி கேக்குது! நம்ம கைக்கு எந்த டேப்பு வந்தாலும் மொதல்ல பிள்ளையார் பாட்டு ஏத்திடுவேன். எங்க நைனா காலத்துலேர்ந்து அதான் வழக்கம், பிள்ளையார் இல்லாம கொழாய் பேசாது. இதுலயும் ஏத்தித் தந்துகீறேன். ஜப்பானுக்குப் போனாலும் தனபால் சாருக்குக் கொறயே வராது.”

“முதலில் இருந்த பாட்டுமேலா ஏத்தினீங்க?”

“பாட்டா? அதுல இன்னா கீது, ஒரே இருமலு, பேச்சு, கொரலே வெளிய வர்ல. அதே பாட்டு பின்னால கிளீனா கீதே சார்! வேஸ்ட்டுன்னு நெனச்சேன். ஏத்த உடாம டேப்புக்கு முதுகுல ஓட்ட பண்ணி வெச்சிருந்தாங்கோ, அத்தக்கூட காயிதம் வெச்சி அடச்சி, கஷ்டப்பட்டுப் பண்ணேன்.”

அந்த ஓட்டை, மேலே யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்று தனாபே தன் கையால் உடைத்து வைத்தது. ஏழுமலை அதையும் ஒரு குறை என்று நினைத்துச் சரிசெய்துவிட்டார். இவ்வளவு நல்ல மனசோடு இப்படி ஒரு அழிவை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. திட்டக்கூட வழியில்லை.

தனாபேயிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த கேசட்டை நிறுத்தச் சொல்லிக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தை விரலால் தடவினார். கோபமே வரவில்லை. பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். என் வாயில் ‘மன்னிக்கவும்’ வந்தது. அது பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்தால் சொல்கிற மன்னிக்கவும்.

“இன்னா சார் ஆச்சி?” என்றார் ஏழுமலை. அந்த இருமலுக்கு அடியில் வாசித்தது யார், அது ஏன் வேறெங்கும் கிடையாது என்று சொன்னேன். அவர் அம்மன் இருக்கும் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஐயோ, இவுரா வாசிச்சாரு? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சார்…” பிறகு சட்டென்று நிமிர்ந்தார். “இரு சார். அவுரு கையி இங்கதான கீது? கையி எங்கயும் போவலியே!”

சாயங்காலக் கச்சேரிக்குத் திருவள்ளூரிலிருந்து லைட் மியூசிக் பார்ட்டி வந்து மேடையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை ஓடிப்போய் அவர்களிடம் கெஞ்சி, நாலு தந்திக் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். பின்னாலேயே டிரம் அடிக்கிறவரும் வந்தார். தனாபே கையை ஆட்டி மறுத்தார். ஏழுமலை கிட்டாரை நீட்டியபடியே நின்றார். ஷெட்டு ஆட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். “வாசி தனபால் சார், பாதி நாளு கீது!” என்றார் ஒருவர். நான் மொழிபெயர்க்கவில்லை. அந்த வாக்கியம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

வாங்கிக்கொண்டார். கேசட்டை முதலுக்குச் சுற்றி ஏழுமலையின் ரிக்கார்டரில் போட்டார்கள், மைக்கைக் கிட்டாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஏழுமலை இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினார். டிரம்காரர் தாளம் பிடித்தார், ஷெட்டு ஆட்கள் மெட்டை லல்லல்லா என்று இழுத்தார்கள். தனாபே கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். தும் தும் என்று அது பாட்டுக்கு அடியில் சேர்ந்துகொண்டது. நடந்ததெல்லாம் நல்லதற்குத்தான், இதோ எல்லாம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

நடுவில் நின்றுவிட்டார். விரல் தந்திமேலேயே இருந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதே இடத்தில் நின்றார். மூன்றாம் தடவை தொடங்கவில்லை.

“இது என்னுடையது இல்லை,” என்றார். “இசைத்தட்டில் இருப்பது. அவன் வாசித்தது. கடையில், ரயிலில், ரேடியோவில் எங்கே போனாலும் அதுதான் காதில் விழுகிறது, கை அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. படி ஏறுகிற இடம் வரவில்லை. நான் என்னுடையதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். ஒரு நாள்கூட வாசித்துப் பார்க்கவில்லை.”

கூட்டம் புரியாமல் கை தட்டியது.

“இன்னா சார் சொல்றாரு?” என்றார் ஏழுமலை.

அதுவரை அந்த ஷெட்டில் நான் எதையும் கொஞ்சம் மழுக்கித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தனாபே கடிந்தால் குழைத்துச் சொல்வேன், முதலாளி குறை சொன்னால் பாராட்டு ஆக்கிவிடுவேன். இதை மட்டும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழுமலை அதை நிறுத்தினார், பின்னுக்கு ஓட்டினார், பதிவுப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப இத்தயும் அழிச்சிடவா? கேளு சார்.”

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. தனாபே அந்த விரலைப் பார்த்துவிட்டார்.

“வேண்டாம்,” என்றார். “அவன் நன்றாகத்தான் வாசிக்கிறான்.”